நான்கு இடம் முன்னால்

மான்கூர்டு ஸ்டேஷனுக்கு எதிரே பாத்திரக் கடையின் மேல்மாடி.
நாளை பதினொரு மணிக்குள்
வார்டு ஆபீசில் அட்டவணை இருக்க வேண்டும்.
படம் வேண்டாம், வண்ணம் வேண்டாம்,
வெறும் எழுத்து, எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று
என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார் காம்ப்ளே சார்.

இந்த மொழிக்குப் பெயர் ஆர்.
தாராவியில் ஜெபக்கனி வீட்டைத் தட்டினால்
உள்ளேயிருந்து வருவதும் அதுதான்:
ஆரு?

முதலில் பிரின்ட் என்றேன்.
இருபுறமும் மேற்கோள்குறி மாட்டி
முன்னால் ஒரு [1] குத்தி
வாக்கியத்தைக் கூட்டிவந்து நிறுத்தியது.
தனியாளாய் வந்தாலும் எண் போடும்,
பின்னால் ஒரு கூட்டம் வருவதுபோல.
டோக்கன் கொடுப்பவன் புத்தி.
வரியை முடி என்று நான் வைத்த சாய்கோடும் என்னும்
முடிக்காமல் எழுத்தாகவே நின்றன.

பிறகு கேட் என்றேன்.
பூனைப் பெயர், பூனை நடை.
குறியில்லை, எண்ணில்லை, சத்தமில்லை.
ஆனால் வரியை முறிக்கச் சொல்ல மறந்தால்
அடுத்த கட்டளையின் மடியிலேயே ஏறி உட்காரும்.

நேற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்தது
சராசரி 47.31884 நிமிடம்.
புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதும் என்றேன்.
47.3.
உதிர்ந்ததை ஆர் கேட்கப்போகிறார்கள்.

பெயர்ப் பத்தியில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஒவ்வொரு பெயருக்கும் பதினான்கு இடம்,
குறைந்தால் வெற்றிடம் இட்டு நிரப்பு என்று கட்டளை.
சொர்ணலீலா.
என் கண்ணுக்கு ஐந்து.
அது ஒன்பது என்கிறது.
ஒற்று நீக்கி எழுத்தெண்ணிக்
கட்டளைக் கலித்துறை எழுதிப் பழகியவள் நான்.
இதுவோ புள்ளியைத் தனியாள் என்கிறது,
துணைக்காலைத் தனியாள் என்கிறது,
சுழிக்கும் ஒரு டோக்கன்.

ஏழரைக்கு ஜெபக்கனி வந்தாள்
டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்க.
கட்டிங் சாயை உறிஞ்சியபடி திரையை எட்டிப்பார்த்தாள்.
"இதென்னக்கா, வரிசைக்கு வரிசை நா?"
NA. அவள் வாசித்தால் நா.
பதில் கிடைக்காத வீடுகள் என்றேன்.
"மூணு வாட்டி போனேன், பூட்டு."
ஆமாம், அதனால்தான் காலி.
"காலியில்லக்கா. கீழ குழாயடியில நிக்காங்க.
விடியமுன்ன போனவ டேங்கர் வார வரைக்கும் நிக்கா.
நான் தட்டினா ஆரு தொறப்பா?"

சாய் ஆறிக்கொண்டிருந்தது, அவளுடையதல்ல, என்னுடையது.

இருநூற்று முப்பத்தெட்டு வீடு.
காலியானதை நீக்கிவிட்டுச் சராசரி எடு
என்று சொன்னது நான்தான்.
ஒரே ஒரு சின்னச் சொல்,
அடைப்புக்குறிக்குள் ஓரமாய் உட்கார்ந்திருந்தது.
நெடுநேரம் நின்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு
வீட்டில் இருந்தவர்களிடம்
எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டு,
அதையும் ஓர் இலக்கத்துக்கு
அழகாக வெட்டி வைத்திருக்கிறேன்.

47.3-க்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
31 வீடுகளில் பதில் சொல்ல ஆளில்லை.
தண்ணீர் வரிசையில் இருந்ததாகத் தகவல்.
இந்த முறை வரியை முறிக்க மறக்கவில்லை.

ஜெபக்கனி வாசித்துவிட்டு
"தகவல்னா? நான் பாத்தேன்லா" என்றாள்.
"இருந்தார்கள்" என்று மாற்றினேன்.
இதைக் காம்ப்ளே சார் விடுவாரா, தெரியவில்லை.

அச்சு எடுத்தபோதும் பத்தி நேராகவில்லை.
ஒன்பதுக்கு இடம் கணக்கிட்டு
ஐந்தே எழுத்தாய் வந்து சேர்ந்ததால்
சொர்ணலீலாவின் நா
தன் இடத்தைவிட நான்கு இடம் முன்னால் நின்றது.
"அவளா! குடத்த ஒரு நாள் முந்தி வச்சதில்ல" என்றாள் ஜெபக்கனி.

கூடுதலாக நான்கு வெற்றிடம் தட்டினால் சரியாகிவிடும்.
ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் இருந்தது.
எடுத்துவிட்டேன்.